லீவர் ஆக்‌ஷன் ரைபிளுக்கு எந்தக் காலிபர்? களக்காட்டு நேயருக்கு விளக்கம்

வணக்கம் நேயர்களே. சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் இந்த முறை ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். களக்காட்டைச் சொந்த ஊராகக் கொண்டு, தற்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இவ்வாறு எழுதியிருக்கிறார்: “அண்ணாச்சி, என்னோடு வேலை செய்பவருடைய பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம், மானும் வரும். அவர் அனுமதியோடு வேட்டைக்குப் போக ஒரு லீவர் ஆக்‌ஷன் ரைபிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். கடைக்காரர் .357 மேக்னம், .44 மேக்னம், .30-30, .45-70 என்று நான்கு காலிபர்களை, அதாவது தோட்டா அளவுகளைக் காட்டுகிறார். எதை எடுக்கட்டும்? பிற்பாடு ஊருக்குக் கொண்டுவந்தால் அப்பாவின் ஏத்தன் வாழைத் தோட்டத்துக்கும் உதவுமா?”

தம்பி, முதல் கேள்விக்கு என் பதில் .30-30. இரண்டாவது கேள்விக்கு, கொண்டுவரக் கூடாது என்பதே பதில். இரண்டுக்கும் காரணங்களைச் சொல்கிறேன்.

நம் திருநெல்வேலிப் பக்கம் உரிமம் வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியையோ, அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .315 ரைபிளையோதான் பார்க்க முடியும் என்பதால், மற்ற நேயர்களுக்காக லீவர் ஆக்‌ஷன் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழும். திரும்ப மேலே இழுத்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். 1860-ஆம் ஆண்டின் ஹென்றி ரைபிளும், 1873-ஆம் ஆண்டின் வின்செஸ்டரும் இந்த முறையைப் பரப்பின. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894-ஆம் ஆண்டு வின்செஸ்டர் இன்றுவரை பெயர் சொல்லி நிற்கிறது. அந்த ரைபிளுக்காகவே 1895-இல் புகையற்ற வெடிமருந்தோடு வெளிவந்த தோட்டாதான் .30-30.

காலிபரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் எது பலமானது என்றுதான் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது, எத்தனை கஜ தூரத்தில் சுடப்போகிறேன் என்பதை. அதற்குக் காரணம் இந்தத் துப்பாக்கியின் மேகசினிலேயே, அதாவது தோட்டாக்களை நிரப்பி வைக்கும் பகுதியிலேயே இருக்கிறது. பெரும்பாலான லீவர் ஆக்‌ஷன் ரைபிள்களில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடுகிறது. டார்ச் விளக்கில் பேட்டரிக் கட்டைகளைப் போடுவது போல, தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. பின்னால் உள்ள தோட்டாவின் குண்டு முனை, முன்னால் உள்ள தோட்டாவின் அடிப்பாகத்தில் நடுவே அமைந்த பிரைமரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பிரைமர் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் அகலந்தான். அடி பட்டால் வெடிப்பதற்கென்றே செய்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்க, குழாய்க்குள் இருக்கும் தோட்டாக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. குண்டின் முனை ஊசியாக இருந்தால், அது முன்னிருக்கும் பிரைமரைக் குத்தி, தோட்டா மேகசினுக்குள்ளேயே வெடித்துவிடக் கூடும். அந்தக் குழாயைப் பிடித்திருப்பது உங்கள் இடது கை என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவேதான் இந்த வகைத் துப்பாக்கிகளுக்குத் தட்டை முனைக் குண்டுகளே தயாரிக்கப்படுகின்றன. ஹார்னடி நிறுவனம் அழுத்தினால் வளைந்து கொடுக்கும் மிருதுவான பாலிமர் முனை வைத்த லெவர்எவல்யூஷன் என்ற தோட்டாவை விற்கிறது, அது பாதுகாப்பானது. அதைத் தவிர்த்து, முனை கூர்மையாக உள்ள எந்தத் தோட்டாவையும், நண்பர் கொடுத்தாலும் சரி, மலிவாகக் கிடைத்தாலும் சரி, குழாய் மேகசினுக்குள் போடாதீர்கள்.

தட்டை முனைக் குண்டு காற்றைக் கிழித்துப் போகாது. காற்று அதைப் பிடித்து நிறுத்தும். தூரம் கூடக் கூட வேகம் சீக்கிரமே குறைந்து, குண்டு கீழே இறங்கும். எந்தக் காலிபரை எடுத்தாலும் இந்த எல்லை உண்டு. 150 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9.7 கிராம் எடையுள்ள .30-30 குண்டு வினாடிக்குச் சுமார் 2,400 அடி வேகத்தில் புறப்படுகிறது. 100 கஜத்தில் குறி சரிசெய்து வைத்திருந்தால், 200 கஜத்தில் அது ஏறத்தாழ 8 அங்குலம் கீழே பாயும். 150 கஜம் வரை கவலையின்றிச் சுடலாம். அதற்கு மேல் நன்றாகப் பழகியவர்கள் மட்டுமே முயல வேண்டும். புதரும் மரமுமாக இருக்கும் பண்ணையில் பன்றியும் மானும் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் வெளிப்படும் என்பதால், உங்கள் தேவைக்கு இது தாராளம். தோளில் உதைப்பதும் பொறுக்கக் கூடிய அளவே. அமெரிக்காவின் சிற்றூர்க் கடைகளில்கூடத் தோட்டா கிடைக்கும். வெண்வால் மானை வீழ்த்துவதற்கென்று அங்கே தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வரும் தோட்டா இது.

.357 மேக்னம் எனக்கு மிகவும் பிடித்த காலிபர் என்பதை மறைக்க மாட்டேன். 1935-இல் கைத்துப்பாக்கிக்காக வந்த இந்தத் தோட்டா, ரைபிளின் நீண்ட குழலுக்குள் போகும்போது வெடிமருந்து முழுவதும் எரிந்து தள்ளுவதற்கு இடம் கிடைப்பதால், கைத்துப்பாக்கியில் சுமார் 1,250 அடியாக இருக்கும் வேகம் 1,800 அடியை எட்டிவிடுகிறது. அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். அது மலிவு, சத்தம் குறைவு, உதை ஏறக்குறைய இல்லை. லீவர் ஆக்‌ஷனில் புதியவர்கள் தடுமாறுவது வளையத்தைக் கடைசிவரை தள்ளாமல் பாதியில் திருப்பிவிடுவதால்தான். அப்படிச் செய்தால் கூடு வெளியே வராமலோ, அடுத்த தோட்டா ஏறாமலோ சிக்கிக்கொள்ளும். நிறையச் சுட்டுப் பழகினால்தான் அந்தக் கைவாகு வரும். நிறையச் சுட வேண்டுமானால் தோட்டா விலை கட்டுப்படியாக வேண்டும். சுடுதளத்தில் குறி பழகுவதுதான் உங்கள் முதன்மை நோக்கம் என்றால் தயங்காமல் .357 வாங்குங்கள். சில துப்பாக்கிகள் நீளம் குறைந்த .38 தோட்டாக்களைச் சீராக ஏற்றுவதில்லை என்பதால், வாங்குமுன் அந்த மாடலைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய ஆண் பன்றிக்கு நான் அதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன். ஆண் பன்றியின் தோள்பட்டை மேல் கேடயம் போலத் தடித்த தோல் இருக்கிறது. 100 கஜத்தில் வேகம் தணிந்துவிட்ட .357 குண்டு அதைத் துளைத்து உள்ளே போய்ச் சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காயத்தோடு புதருக்குள் ஓடிச் சாகும் விலங்கின் வேதனையை எந்த வேட்டைக்காரரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

.44 மேக்னம் 100 கஜத்துக்குள் பன்றிக்கு நல்ல காலிபர்தான், அதைத் தாண்டினால் .30-30 முந்திக்கொள்ளும்.

.45-70-ஐப் பொறுத்தவரை ஆசை காட்டுபவர்கள் அதிகம். 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. 405 கிரெயின், அதாவது 26 கிராம் குண்டு. கரடி, கடமான் உலவும் நாட்டில் அதற்கு வேலை உண்டு. டெக்சாஸில் என் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஒரு சுடுதளத்தில் என் மருமகன் இந்த நான்கு காலிபர்களையும் வாடகைக்கு எடுத்துச் சுட, நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வருகை விசாவில் போயிருந்த எனக்குத் துப்பாக்கியைத் தொடும் உரிமை இல்லை. .30-30-ஐ அவர் சுட்டபோது ஒவ்வொரு முறையும் தோள் லேசாகப் பின்வாங்கி நிலைக்குத் திரும்பியது. .45-70-இல் மூன்றாவது தோட்டாவுக்குள்ளாகவே, விசையை அழுத்துமுன் அவர் கண் தானாக மூடிக்கொள்ளத் தொடங்கியது. குண்டுகள் தாளின் ஓரத்துக்கு ஒதுங்கின. உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடுபவருக்குப் பெரிய காலிபரால் ஒரு பயனும் இல்லை. இந்தக் காலிபரில் இன்னொரு அபாயமும் உண்டு: பழைய துப்பாக்கிகளுக்கான, அழுத்தம் குறைந்த மென்மையான தோட்டாவும், இன்றைய வலுவான துப்பாக்கிகளுக்கான, அழுத்தம் மிகுந்த கடுமையான தோட்டாவும் ஒரே அளவில் வருகின்றன. பழைய துப்பாக்கியில் கடுமையானதைப் போட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் ஏற்றக் கூடாது.

200 கஜத்துக்கு அப்பாலும் சுடுவேன் என்பவர்கள் பிரௌனிங் பி.எல்.ஆர். போன்ற பெட்டி மேகசின் லீவர் ரைபிளைப் பார்க்கலாம், அதில் தோட்டாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் .308 போன்ற கூர்முனைத் தோட்டாக்களையே போடலாம். உங்களுக்கு அது தேவைப்படாது.

தொலைநோக்கி பொருத்தும் எண்ணம் இருந்தால், கூடு பக்கவாட்டில் வெளியேறும் மார்லின் 336 வகையை எடுங்கள். பழைய வின்செஸ்டர் 94-இல் கூடு மேலே எகிறுவதால் நடுவில் தொலைநோக்கி வைக்க முடியாது.

அடுத்தது சட்டம். டெக்சாஸில் நில உரிமையாளரின் அனுமதி இருந்தால், தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியை வேட்டையாட 2019 முதல் உரிமம் தேவையில்லை, மானுக்குத் தேவை. அதோடு, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அந்தத் தடைக்கு ஒரு விலக்கு. நீங்கள் அத்தகைய விசாவில் இருந்தால், பன்றி மட்டுமே சுடுவதானாலும் முதலில் உரிமத்தை எடுத்துக்கொண்டு, அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது.

இனி அப்பாவின் தோட்டத்துக்கு வருகிறேன். குலை தள்ளிய ஏத்தன் வாழையைப் பன்றி ஒரே இரவில் கிளறிச் சாய்த்துவிட்டுப் போகும்போது விவசாயிக்கு வரும் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் முழுவதும் அந்தத் துயரம் இருக்கிறது. ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிய உரிமம் பெறாமல் துப்பாக்கியை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். உரிமம் இருந்தாலும் பன்றியை நாமாகவே சுட முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரியின் எழுத்து மூலமான ஆணை வேண்டும். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த முறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடிக்கலாம். 1 கிலோமீட்டருக்குள் இரண்டுக்கும் இடமில்லை. களக்காட்டுக்கு மேற்கே உள்ள தோட்டங்கள் பலவும் புலிகள் காப்பகத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே தோட்டம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை அப்பா முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சேதம் ஏற்பட்ட அன்றே, சாய்ந்த வாழைகளை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு முன், படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகரிடமும் மனு கொடுத்தால் இழப்பீடு கோர வழி இருக்கிறது. மனுவின் நகல் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.