ராடேகுண்ட் ஊர்ச் சம்சாரி

(பங்கு மன்றத்தின் மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, காட்டு வேலையை முடித்துவிட்டு முகம் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நல்ல விவசாயி ஒருவரைப் பற்றி அரைமணி நேரம் பேசுங்கள்" என்று சாமி கேட்டுக்கொண்டார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் சொல்லப்போகும் ஆளைப் பற்றிக் கேட்டபிறகு, இவரை ஏன் பேசக் கூப்பிட்டோம் என்று சாமிக்குத் தோன்றினாலும் தோன்றும். அந்த விவசாயி தன் பங்குச் சாமியார் சொன்னதைக் கேட்கவில்லை. மறைமாவட்ட ஆயர் சொன்னதையும் கேட்கவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் திருச்சபை அருளாளர், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்திய படியில் இருப்பவர், என்று அறிவித்திருக்கிறது.

அவர் பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். முழுப்பெயர் நமக்கு வாயில் நுழையாது, ஃபிரான்ஸ் என்றே சொல்கிறேன். ஆஸ்திரியா நாட்டில், ஜெர்மனியை ஒட்டிய எல்லையில், சால்சாக் ஆற்றுப் பக்கம் சாங்க்ட் ராடேகுண்ட் என்று ஒரு சின்ன ஊர். நம் ஊரை விடச் சிறியது. ஒரு கோயில், அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம், அப்புறம் வயலும் புல்வெளியும் மாட்டுக் கொட்டிலும். அந்த ஊர் பிரௌனாவ் மாவட்டத்தில் இருக்கிறது. ஹிட்லர் பிறந்ததும் பிரௌனாவில்தான்.

ஃபிரான்ஸ் பிறந்தது 1907 மே 20. தாய் ஒரு பண்ணையில் வேலைக்காரி. தகப்பனும் ஏழை. கல்யாணம் செய்துகொள்ள வசதியில்லாத காதலுக்குப் பிறந்த பிள்ளை. தகப்பன் முதல் உலகப்போரில் செத்துப்போனார். பாட்டிதான் வளர்த்தார். தகப்பன் பெயர் சொல்ல முடியாத ஒரு பிள்ளையைக் கிராமம் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1917இல் தாய் ஒரு விவசாயியை மணந்துகொண்டார். அந்த மனிதர் பையனுக்குத் தன் பெயரைக் கொடுத்தார், பிறகு பண்ணையையும் கொடுத்தார். அந்த வீட்டுத் தாத்தாவிடம் புத்தகங்கள் இருந்தன. பையன் வாசிக்கப் பழகியது அங்கேதான். படிப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி.

வாலிபத்தில் ஆள் பெரிய யோக்கியன் என்று சொல்வதற்கில்லை. 1920களின் கடைசியில் ஐசனெர்ஸ் என்ற இரும்புச் சுரங்க ஊருக்கு வேலைக்குப் போனார். கையில் காசு சேர்ந்தது. ஊர் திரும்பும்போது மோட்டார் சைக்கிளோடு வந்தார். ராடேகுண்ட் ஊரில் முதல் மோட்டார் சைக்கிள் அதுதான். 1933இல், கல்யாணம் ஆகாமலே அவருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. தாய்க்கு நடந்ததையே மகனும் இன்னொரு பெண்ணுக்குச் செய்தார். புனிதர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டமாட்டேன். அந்தக் குழந்தையை அவர் கைவிடவில்லை, கடைசிவரை உறவு வைத்திருந்தார். பின்னால் அவர் மணந்துகொண்ட பெண், அந்தக் குழந்தையைத் தாங்களே வளர்க்கிறோம் என்று கேட்டார். குழந்தையின் தாய் வீட்டார் கொடுக்கவில்லை.

கேட்ட அந்தப் பெண்ணின் பெயர் ஃபிரான்சிஸ்கா. பக்கத்து ஊர்க்காரர், அவரும் விவசாயி மகள். 1936 ஏப்ரல் 9, பெரிய வியாழன் அன்று காலை ஆறு மணிக்குக் கல்யாணம். விருந்து, ஆட்டம் எதுவும் கிடையாது. அன்றைக்கே இரண்டு பேரும் ரோமாபுரிக்குக் கிளம்பிவிட்டார்கள். யோசனை ஃபிரான்சிஸ்காவுடையது. விவசாயக் குடும்பத்தில் தேன்நிலவா என்று ஊரே வாயைப் பிளந்தது.

அதன்பிறகு ஆள் மாறினார். கணவனும் மனைவியும் சேர்ந்து செபித்தார்கள், சேர்ந்து பைபிள் வாசித்தார்கள். மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். ஃபிரான்ஸ் தினமும் பூசைக்குப் போக ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் நற்கருணை வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு பூசை கண்டுவிட்டு வந்து புல் அறுத்துப் பாருங்கள், அதன் கஷ்டம் தெரியும். பெண்டாட்டி வந்துதான் மாப்பிள்ளையைச் சாமியாராக்கிவிட்டாள் என்று ஊர் பேசியது. இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனாலும் மரியாதை இருந்தது. கிராமத்தில் மரியாதை எப்படி வரும்? கடனைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தால், வரப்பைத் தள்ளி வெட்டாமல் இருந்தால், இல்லாதவனுக்கு வீட்டிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுத்தால் வரும். ஃபிரான்ஸுக்கு அப்படி வந்தது. எவ்வளவு என்றால், 1938 மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தபிறகு, ஊர்த் தலைவராக இருக்கிறாயா என்று அவரைத்தான் கேட்டார்கள். முடியாது என்றுவிட்டார்.

அந்த ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கெடுப்பு. ஆஸ்திரியா ஜெர்மனியோடு சேர்ந்தது சம்மதமா? ஊரில் "இல்லை" என்று குத்தியவர் ஃபிரான்ஸ் ஒருவர்தான். அதிகாரிகளுக்கு மேலே அறிக்கை அனுப்ப வேண்டுமே. நூற்றுக்கு நூறு சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன "இல்லை", கணக்கில் இல்லாமலே போய்விட்டது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் தேர்தல் வேலை பார்த்தவர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

அந்த வருஷம் ஜனவரியிலேயே அவர் ஒரு கனவு கண்டிருந்தார், எழுதியும் வைத்திருக்கிறார். அழகான ரயில் ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. பெரியவர்களும் குழந்தைகளும் ஓடி ஓடி ஏறுகிறார்கள். அப்போது ஒரு குரல், இந்த ரயில் நரகத்துக்குப் போகிறது என்கிறது. ஹிட்லரின் நாஜிக் கட்சி, அதன் இளைஞர் சங்கம், அதன் உண்டியல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ரயில் என்று பிறகு அவர் புரிந்துகொண்டார். ஏறக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த முடிவை அவர் நடத்திக் காட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மேடையேறிப் பேசவில்லை. கட்சிக்காரர்கள் நிதி வசூலுக்கு வந்தால் கொடுக்கமாட்டார். அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுத்த உதவித்தொகையை வாங்கமாட்டார். ஆலங்கட்டி மழையில் பயிர் போனபோது நிவாரணப் பணம் வந்தது. அதையும் வாங்கவில்லை. நிவாரணத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்திருக்கிறோம் நாம். மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சம்சாரி அந்தப் பணத்தை வேண்டாம் என்பது என்ன என்பது நமக்குத்தான் தெரியும். சாராயக்கடைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டார். அங்கே அரசியல் பேச்சு சண்டையில் முடிந்துகொண்டிருந்தது.

1940இல் படைக்கு அழைப்பு வந்தது, போனார். என்ஸ் என்ற ஊரில் பயிற்சி. அங்கே இருந்தபோதுதான், குடும்பத்தில் இருந்தபடியே புனித பிரான்சிஸ் வழியில் நடக்கிறவர்களின் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். விவசாயிகள் பண்ணையில் தேவை என்று ஊர் நிர்வாகம் எழுதிக் கேட்டதால் 1941 ஏப்ரலில் திரும்பி வந்தார். வந்தவர் இனிமேல் இந்தப் படைக்குப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். அந்தக் கோடையில் பங்கின் கோயில் பிள்ளை ஆனார். மணி அடிப்பது, பீடம் தயார் செய்வது, பூசைக்கு உதவுவது, அடக்கத்துக்கு வேண்டியதைக் கவனிப்பது. சாணிக் கையைக் கழுவிவிட்டு வந்து திரி ஏற்றும் வேலை.

அப்போதுதான் ஊர் ஊராக விசாரித்தார். போகாமல் இருப்பது பாவமா? இவர் ஊர்ப் பங்குச் சாமியார் யோசேப் காரோபாத்தை, பிரசங்கத்தில் ஏதோ சொன்னார் என்று 1940இலேயே கைது செய்து, பிறகு பங்கை விட்டே விரட்டியிருந்தார்கள். அவரும் சரி, அவருக்குப் பின் வந்த இளம் சாமியாரும் சரி, குடும்பத்தை நினைத்துப் பார் என்றே சொன்னார்கள். லின்ஸ் நகரத்துக்குப் போய் ஆயரையே பார்த்தார். போரின் நியாய அநியாயத்துக்கு நீ பொறுப்பாளி இல்லை, உன் குடும்பத்துக்குத்தான் பொறுப்பாளி என்ற பதில் கிடைத்தது. வெளியே வந்தவர் முகம் வாடியிருந்தது. பயப்படுகிறார்கள், பேசினால் அடுத்தது அவர்கள் முறை என்று மனைவியிடம் சொன்னார். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

எனக்கு அந்த ஆயர்மேல் முன்பு கோபம் இருந்தது. வயதாக ஆக அது குறைந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு விவசாயியிடம், போய்ச் சாவு என்று எந்த ஆயர் சொல்வார்? ஆனால் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. போகச் சொல்லவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம், நீ நினைப்பது தப்பில்லை மகனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

1943 பிப்ரவரியில் மறுபடி அழைப்பு வந்தது. பெற்ற தாய் அழுதார், உறவினரைக் கூட்டிவைத்துப் பேசச் சொன்னார். ஃபிரான்சிஸ்காவும் தொடக்கத்தில் தடுத்துத்தான் பார்த்தார். எல்லோரும் எதிரே நின்று வாதாடும்போது அவர் பக்கம் நிற்க ஒருவருமே இல்லை என்று கண்டபிறகு, நான் அவர் பக்கம் நின்றேன் என்று பிற்பாடு சொன்னார். மார்ச் 1ஆம் தேதி ஃபிரான்ஸ் என்ஸ் முகாமுக்குப் போய், ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காயம்பட்டவர்களைக் கவனிக்கும் வேலை கொடுத்தால் செய்கிறேன் என்றும் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

லின்ஸ் சிறையில் இரண்டு மாதம். பிறகு பெர்லினில் டேகல் சிறை. அங்கே அவருக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர், இதே காரணத்துக்காக, ஒரு வருஷத்துக்கு முன்னால் கொல்லப்பட்டார் என்று சிறைச் சாமியார் சொன்னார். தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! வீட்டிலிருந்து ஒரு போட்டோவும் வந்தது. மூன்று பிள்ளைகளும் நிற்கிறார்கள், கையில் ஒரு அட்டை. அப்பா, சீக்கிரம் வாருங்கள் என்று எழுதியிருக்கிறது.

ஜூலை 6ஆம் தேதி ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதே மாதம் ஃபிரான்சிஸ்கா பெர்லின் போய்ப் பார்த்தார். கூடவே ஊர்ச் சாமியார் போனார், மனதை மாற்றிவிடலாம் என்று. இருபது நிமிஷம் கொடுத்தார்கள். கணவனும் மனைவியும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது அதுதான்.

ஆகஸ்ட் 9, மாலை நான்கு மணி. பிராண்டன்பர்கில் தலை வெட்டப்பட்டது. வயது 36.

சாவைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பேச வேண்டும், ஏனென்றால் அது கோயிலைச் சுற்றி வாழ்கிற நம் மாதிரி ஊர்களைப் பற்றியது.

ஃபிரான்சிஸ்காவுக்கு அப்போது வயது 30. மூன்று பிள்ளைகள், மாமியார், மாடுகள், நிலம். ஆண் துணை இல்லாமல் பண்ணையை நடத்தினார். கணவர் செய்த கோயில் பிள்ளை வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பேச்சு இப்போது திரும்பி வந்தது. இவள் சாமி சாமி என்று சொல்லித்தான் அவன் செத்தான் என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் போரில் செத்த மகன் இருந்தான். எங்கள் பிள்ளை போனானே, உன் புருஷன் மட்டும் நல்லவனா என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்த வருத்தத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அரசாங்கமும் அதையே செய்தது. போர்வீரரின் விதவைக்கான ஓய்வூதியம் அவருக்கு 1950 வரை கிடைக்கவில்லை.

சபையும் வாயைத் திறக்கவில்லை. 1946இல் மறைமாவட்டப் பத்திரிகையில் ஃபிரான்ஸைப் பற்றி ஒரு கட்டுரை போட முயன்றார்கள். அதே ஆயர் வேண்டாம் என்றுவிட்டார். கடமை என்று நம்பிப் போரிட்டு இறந்த கத்தோலிக்க வாலிபர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. அதே வருஷம் பிராண்டன்பர்கில் பணிபுரிந்த ஆஸ்திரியக் கன்னியர்கள் ஃபிரான்ஸின் சாம்பலைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி, கோயில் சுவரோரம் அடக்கம் செய்தார்கள்.

பிறகு உலகம் அவரைக் கண்டுபிடித்தது வெளியிலிருந்துதான். 1960களில் ஒரு அமெரிக்கச் சமூகவியலாளர் ராடேகுண்டுக்கு வந்து வீடு வீடாக விசாரித்து எழுதினார். உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் போரைப் பற்றிய விவாதம் நடந்த 1965இல், இந்த விவசாயியின் கதையை எழுத்தில் சங்கத்தின் முன் வைத்தவர் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். அவர் யார் தெரியுமா? நம் பம்பாய் மறைமாவட்டத்தின் பழைய பேராயர். ஒரு இந்தியர் வரட்டும் என்று பதவியை விட்டுக்கொடுத்தவர். அதனால் ஃபிரான்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியர் என்று சொல்ல முடியாது. குடும்பஸ்தராக இருந்தபடியே விசுவாசத்துக்காக உயிர்விட்ட நம் தேவசகாயத்தை அறிந்தவர்களுக்கு இவரைப் புரிந்துகொள்வதும் கஷ்டமில்லை.

1997இல் பெர்லினில் ஒரு நீதிமன்றம் அந்த மரண தண்டனையை ரத்து செய்தது. ஐம்பத்து நான்கு வருஷம் கழித்து! 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் அவரை அருளாளராக உயர்த்தினார்கள். அன்றைக்கு ஆயர் அவர் பக்கம் நிற்காத அதே நகரம்.

அந்தப் பூசைக்கு ஃபிரான்சிஸ்கா வந்திருந்தார். வயது 94. கணவரின் திருப்பண்டம் இருந்த பேழையை அவர்தான் பீடத்துக்குக் கொண்டுபோனார். ஆயர் கையில் கொடுப்பதற்கு முன்னால், குனிந்து அதை முத்தமிட்டார்.