நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

(தருமபுரியில் மகளிர் குழுவினரும் சுகாதாரத் தன்னார்வலர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். குழுக்களிலிருந்து வந்திருக்கிற அக்கா, தங்கச்சிகளே, வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிற தன்னார்வலர்களே,

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் "கீரை, காயெல்லாம் சாப்பிடறீங்களா?" என்று கேட்கிறீர்கள். "சாப்பிடறோம்" என்று பதில் வருகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுகிறவரும் அதையேதான் சொல்வார், ஏழு நாளும் சாப்பிடுகிறவரும் அதையேதான் சொல்வார். நல்ல சாப்பாடு எத்தனை நாள் தொடர்ந்து தட்டுக்கு வருகிறது, எந்த நாளில் விட்டுப்போகிறது, ஏன் அந்த நாளில் விட்டுப்போகிறது? இதை எப்படி அளப்பது என்றுதான் இன்று பேசப் போகிறேன்.

பெரிய கணக்கெடுப்புகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வில் பால், பருப்பு, கீரை, பழம் என்று ஒவ்வொன்றையும் சொல்லி, தினமுமா, வாரந்தோறுமா, எப்போதாவதா, இல்லவே இல்லையா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். வாரத்தில் ஆறு நாள் கீரை கடைகிற வீடும், ஒரே ஒரு நாள் கடைகிற வீடும் 'வாரந்தோறும்' என்கிற ஒரே கட்டத்தில் விழுந்துவிடும். நாட்டு நிலவரம் தெரிய அது போதும். உங்கள் தெருவுக்குப் போதாது.

அதனால்தான் சத்துணவு ஆய்வாளர்கள் 'நேற்று' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை வாயில் போட்டது அத்தனையும் சொல்லச் சொல்வார்கள். டீ, டீயோடு கடித்த பிஸ்கட், பேத்தி மீதம் வைத்ததைத் தின்றது உட்பட. 'வழக்கமா' என்று கேட்டால் மனிதர்கள் தங்களுடைய நல்ல வாரத்தை நினைத்துச் சொல்வார்கள். 'நேற்று' என்றால் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆனால் ஒரு நேற்று போதாது. திங்கட்கிழமை போய்க் கேட்டால் ஊரே கறி சாப்பிடுகிற ஊராகத் தெரியும். புரட்டாசியில் கேட்டால் ஒருவரும் முட்டைகூடத் தொடுவதில்லை என்று எழுதிக்கொண்டு வருவீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசனில் கேட்டுப் பாருங்கள், பழம் சாப்பிடாதவர் என்று யாருமே இருக்கமாட்டார். அதே வீட்டில் கார்த்திகை மாதம் போய்க் கேட்டால் பழம் சாமி படத்துக்கு முன்னால்தான் இருக்கும். ஆகவே ஒரே வீட்டை வேறு வேறு கிழமையில், வேறு வேறு மாதத்தில் கேட்க வேண்டும். அடுத்தடுத்த நாளிலும் கேட்கக்கூடாது. நேற்று வைத்த குழம்புதானே இன்றைக்கும்?

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு அம்மா நான் கேட்டுக்கொண்டதற்காக மாதக் காலண்டரில் குறித்து வைத்தார். கீரை செய்த நாளுக்கு ஒரு புள்ளி, வேறு காய் செய்த நாளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். மாத முடிவில் காலண்டரைத் தள்ளி வைத்துப் பார்த்தால் பட்டை பட்டையாக இருந்தது. ஞாயிறும் திங்களும் புள்ளி. செவ்வாய், புதனில் கோடு. வியாழன், வெள்ளி, சனி வெறும் கட்டம். நான்கு வாரமும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை அங்கே சந்தை. வாங்கிய கீரை திங்களோடு வாடிவிடும், தக்காளியும் கத்திரிக்காயும் புதன்வரை வரும், அப்புறம் ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய். அந்த அம்மாவுக்கு அக்கறையில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? சந்தை நாளும் கூலி கைக்கு வரும் நாளும்தான் அந்த வீட்டின் சாப்பாட்டைத் தீர்மானிக்கின்றன. சராசரி போட்டிருந்தால் 'வாரம் நான்கு நாள் காய்கறி, பரவாயில்லை' என்று முடித்திருப்போம். அந்த வெறும் கட்டங்கள் நம் கண்ணிலேயே பட்டிருக்காது. அவை தெரிந்ததால்தான் வேலி ஓரமாக முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டு வைக்கலாம், வியாழக்கிழமைக்கு முதல்நாள் ராத்திரியே கொள்ளுப் பயறையோ மொச்சையையோ ஊறப்போடலாம் என்று பேசவே முடிந்தது.

எல்லாச் சத்துக்கும் தினசரி ஒழுங்கு தேவை என்றும் நினைத்துவிடாதீர்கள். வைட்டமின் ஏ-யை உடம்பு கல்லீரலில் சேமித்து வைத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பப்பாளியும் முருங்கைக்கீரையும் கிடைத்தால் இடைப்பட்ட நாட்களைச் சமாளித்துவிடும். வைட்டமின் சி அப்படி இல்லை, அதிக நாள் தங்காது. கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்டவேண்டுமானால் அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி-யும் இருக்க வேண்டும். அதியமான் ஊரில் நெல்லிக்காயைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே ரத்தசோகை உள்ள பெண்ணிடம் எத்தனை நாள் கீரை என்பதோடு, அதனுடன் என்ன சாப்பிட்டார், சாப்பிட்ட கையோடு டீ குடித்தாரா என்பதையும் கேளுங்கள். டீ அந்த இரும்பைச் சேரவிடாது.

உப்பை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் எவ்வளவு போட்டேன் என்று யாருக்குத் தெரியும்? ஆய்வுகளில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளக்கிறார்கள், ஏனென்றால் சாப்பிட்ட உப்பில் பெரும்பகுதி அதில் வந்துவிடும். நம்மால் ஆனது, ஒரு பாக்கெட் உப்பை எந்தத் தேதியில் பிரித்தோம், எந்தத் தேதியில் தீர்ந்தது என்று காலண்டரிலேயே எழுதி வைப்பது.

கேழ்வரகுக்கு வருகிறேன். 2023-இல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அரிசியில் அதில் துளிகூட இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கார்டில் பதிவானது கணக்காகிவிடாது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 100 கிராம் மாவு என்று களி கிண்டினால் 2 கிலோ ஐந்து வேளைக்குத்தான் வரும். மாதத்துக்கு ஐந்து வேளை! அந்த ஐந்து வேளையும் பாட்டி மட்டும் களி சாப்பிட்டு, பேரன் சோறு கேட்டு அழுது ஜெயித்துவிட்டால், வாங்கியது ஒருவர் கணக்கு, சாப்பிட்டது வேறொருவர் கணக்கு. வீட்டுக்கு ஒரு கணக்கு என்பதை விட்டு, ஆளுக்கு ஒரு வரிசை போடுங்கள்.

வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதற்காக மாத்திரை கொடுக்க நீங்கள் எப்படியும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போகிறீர்கள். அங்கே 'நேற்று' பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் எதுவானாலும் முகம் சுளிக்க வேண்டாம். சுளித்தால் அடுத்த மாதம் உங்களுக்குப் பிடித்த பதில்தான் கிடைக்கும்.

இன்று தருகிற தாளில் ஆளுக்கு ஒரு வரிசை, ஏழு கட்டம். ஓசூரில் நைட் ஷிப்ட் போகிற மகனின் வரிசையை அம்மா நிரப்பக்கூடாது. கேன்டீனில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும், அதனால் லீவுக்கு வரும்போது அவரே போட்டுவிட்டுப் போகட்டும்.