முதுகுக்குக் கீழே இருக்கிறது குளிர்

நேயர்களுக்கு வணக்கம். முகாமுக்குப் போகும் பிள்ளைகள் பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். தேனி மாவட்டம் கம்பத்தில் சாரணர் ஆசிரியராக இருந்த காலமெல்லாம் இதை நான் பிள்ளைகளிடம் சொன்னதைவிட அவர்களுடைய அம்மாக்களிடம் சொன்னதுதான் அதிகம். இன்றைக்கும் அவர்களை நினைத்துத்தான் பேசுகிறேன். குக்கர் விசில் அடித்தால் மட்டும் எழுந்து போய்விட்டு வாருங்கள்.

முதலில், எந்த மாதிரி முகாம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் நடக்கும் 7 நாள் முகாம் என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோதான் தங்கல். கிழிந்தாலும் கவலைப்படாத இரண்டு சட்டை, தட்டு, டம்ளர், கொசுவலை, பெட்டிக்கு ஒரு பூட்டு. மண்வெட்டி பிடித்துக் கை கொப்புளித்தால் கட்ட ஒரு துண்டுத் துணி. அவ்வளவுதான்.

மலை முகாம் அப்படியல்ல. அதிலும் கேரள எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு சங்கடம் உண்டு. மலை பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் அதை அக்கம்பக்கத்து வீடு மாதிரி நினைத்துவிடுகிறோம். கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். இங்கே மின்விசிறி போட்டுப் படுக்கிற ஜனவரி மாதத்தில், அங்கே தேயிலைச் செடி உறைபனியில் கருகிப் போகிற இரவுகள் உண்டு. பஸ்ஸில் போனால் இதற்கும் அதற்கும் அரை நாள் பயணம்கூட இல்லை.

அப்படி ஒரு ஜனவரியில் இருபது பையன்களோடு மூணாறு பக்கம் போனேன். தங்கியது ஒரு பழைய கூடம். சிமெண்ட் தரை. பையன்கள் எல்லோரும் கனத்த கம்பளி கொண்டு வந்திருந்தார்கள். ஒருவனுடைய கம்பளி விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுசு. ஒரே ஒருவன் மட்டும் இரண்டு உரச்சாக்கு, ஒரு கட்டு பழைய செய்தித்தாள், அவன் அம்மாவின் நூல் சேலை இரண்டோடு வந்தான். கூடம் முழுக்கச் சிரிப்பு. பழைய பேப்பர் வியாபாரத்துக்கு வந்தாயா என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பளிக்குள் சுருண்டு, பல் கிட்டித்துப் போய். சாக்குக்காரன் மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வெளியே போய்ச் சருகு அள்ளி வந்து சாக்கில் திணித்து, அதன்மேல் செய்தித்தாளை அடுக்கி விரித்திருந்தான். காலையில், "எங்கேடா கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன். "எங்கப்பா திராட்சைத் தோட்டத்தில் ராக்காவல் சார். போர்த்துவதற்கு இல்லாவிட்டாலும் விரிப்பதற்கு ஏதாவது எடுத்துக்கொண்டுதான் போவார்" என்றான்.

இதைத்தான் நான் அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் கேலி செய்கிறார்கள், பரவாயில்லை. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதற்குள் நிற்கிற காற்றுதான் நம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. முதுகுக்கு அடியில் மாட்டிய கம்பளி நம் எடையில் நசுங்கிவிடும், காற்றும் போய்விடும். பிறகு தரை நம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே மூன்று கம்பளி போட்டாலும் இதே கதைதான். பவானி ஜமுக்காளம் நல்லது, ஆனால் ஒற்றையாகப் போடாதீர்கள், நான்காக மடித்து விரியுங்கள். நுரைப்பாய் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, எடையும் இல்லை. முதலில் விரிப்பு, பிறகு போர்வை. இப்போதுதான் வானொலியைத் திறந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: முதலில் விரிப்பு.

அடுத்தது மழை. ஜூன் மாதம் கம்பத்தில் காற்றுதான் அடித்துக்கொண்டிருக்கும். குமுளி ஏறினால் கொட்டும். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்துக்காரர்களுக்கு. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. ஆகவே வாசலில் நின்று வானத்தைப் பார்த்துப் பை கட்டாதீர்கள். மழை முகாமுக்கு ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் கனக்கும், இரண்டு நாளானாலும் காயாது. துணிகளை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாலித்தீன் உறை என்று பிரித்துக் கட்டினால், ஒன்று நனைந்தாலும் மற்றது தப்பும். இரவு உடுத்த வேண்டிய உடையை, எவ்வளவு கெஞ்சினாலும் பகலில் வெளியே எடுக்க விடக்கூடாது.

மழைக்காட்டில் அட்டை இருக்கும். மலையாளத்திலும் அட்டதான், கேட்டால் ஊர்க்காரர்களே சொல்வார்கள். முழங்கால் வரை நீளும் காலுறை, அதற்குள் செருகிய கால்சட்டை. உப்பையும் புகையிலைத் தூளையும் துணியில் முடிந்து ஒரு கம்பு நுனியில் கட்டிக்கொள்ளுங்கள். நனைத்துத் தொட்டால் அட்டை விழுந்துவிடும். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். இரத்தம் உறையாதிருக்க அட்டையின் எச்சிலில் ஒரு பொருள் இருக்கிறது. பிள்ளை பயந்துவிடக்கூடாது, அதனால்தான் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். கோடை முகாம் பற்றி விரிவாகவே சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் ஏறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காய்ந்த புல் நிற்கிற மாதங்களில் வன இலாகா அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் மலைக்கு அனுப்பாதீர்கள். அடுப்புப் பக்கம் நிற்கிற பிள்ளைக்குப் பாலியஸ்டர் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும், அங்கே பருத்திதான். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதையும் சேர்த்துப் பையின் எடை பிள்ளையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மருந்துப் பெட்டி... அதற்கு நேரமில்லை; வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் மறக்காதீர்கள்.

ஒன்றே ஒன்று. பையை நீங்கள் கட்டாதீர்கள், அம்மா. அவனே கட்டட்டும். கட்டி முடித்ததும் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, "டார்ச்சை எடுடா" என்று சொல்லிப் பாருங்கள். வணக்கம்.