அட்டவணை போடுவது நான், நேரம் தருவது வீடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

வேலைக்கும் போய், குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு படிப்பவருக்குக் கைகொடுப்பது கால அட்டவணையா, வீட்டாரின் ஒத்துழைப்பா? ஒத்துழைப்புதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், "எல்லோருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான், திட்டமிடத் தெரிந்தவர் ஜெயிக்கிறார்" என்றார். சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். வேலைக்கு 48. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தன் முதல் உடன்படிக்கையில் தொழிற்சாலைகளுக்கு வைத்த வரம்பு அது. இரவுக்கு 7 மணி நேரம் தூங்கினால் 49. போக வர 10. மீதி 61. எதிரணியின் பலமே இந்த 61தான். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அந்த 61 மணி நேரம் முழுசாக எங்கே கையில் கிடைக்கிறது? பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று உதிரியாகத்தான் கிடைக்கிறது. அந்த உதிரிக்கும் வீட்டில் நாலு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அட்டவணையில் இரவு ஒன்பது முதல் பத்து வரை படிப்பு. சிவப்பு மையில் கட்டம் கட்டி எழுதியிருந்தேன். உட்கார்ந்து ஒரு பத்தி படித்திருப்பேன், "அம்மா, சட்டையில பட்டன் இல்ல" என்று மகன் வந்து நின்றான். தைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து அதே பத்தி. மாமியாரின் மாத்திரை தீர்ந்துவிட்டது நினைவுக்கு வந்தது. மறுபடியும் அதே பத்தி. பத்து மணிக்குப் பார்த்தால், பக்கம் திரும்பவே இல்லை. அட்டவணை மட்டும் சுவரில் அப்படியே இருந்தது.

என் மனசுதான் சரியில்லை என்று அன்றைக்கு அழுதேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். முடிக்காத ஒரு வேலையை விட்டு அடுத்ததுக்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்குமாம். பட்டன் தைக்க ஐந்தே நிமிடம்தான் ஆனது, நான் இழந்தது ஒரு மணி நேரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதிய மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். நடுவர் அவர்களே, மோசமான நிலையை நினைத்துப் போட்ட கணக்கே பொய்த்துவிட்டது. அப்படியென்றால், குழந்தைக்குக் காய்ச்சல் வரும் வாரத்தையும் மேலாளர் கூடுதல் வேலை கொடுக்கும் நாளையும் எந்த அட்டவணை தாங்கும்?

அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்தது முதல் ஒரு நாளுக்குள்தான் வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டிவிட்டார். அதனால் இன்று படித்ததை நாளை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். எப்போது என்று அட்டவணை சொல்லும். அந்த நேரத்தில் கதவைச் சாத்தி வைப்பது யார்?

என் வீட்டில் அது என் கணவர். "ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் எதுவானாலும் என்னைக் கேளுங்க" என்று ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். சொன்னதோடு விடவில்லை, மாத்திரைப் பெட்டியும் ஊசி நூலும் அவர் கைக்குப் போயின. இரண்டாவது வாரமே மகன் தானாகப் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டான். முதலில் கோணல்மாணலாகத்தான் தைத்தான். நான் திருத்தப் போகவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடியது.

தனியாக இருப்பவர் என்ன செய்வார் என்று எதிரணி கேட்கும். அவருக்கும் பரீட்சை நாளில் ஷிஃப்ட் மாற்றித் தரும் ஒரு சக ஊழியர் வேண்டும், வராத வகுப்பின் குறிப்பை அனுப்பும் ஒரு நண்பர் வேண்டும். கூடப் பிறந்தால்தான் துணையா?

பரீட்சைக்கு முந்தைய வாரம் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது. என் அட்டவணையில் ஒரு கட்டம்கூட நிற்கவில்லை. பகலில் நான் பார்த்துக்கொண்டேன், இரவில் கணவரும் நாத்தனாரும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். மாமியாரே, "நீ போய்ப் படிம்மா" என்று என் கையை விலக்கிவிட்டார். அப்படித்தான் நான் அந்தப் பரீட்சை எழுதினேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்தக் கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.