ராத்திரியில் கூட்டிப்போனாலும் நாய்க்கு ஏன் இப்படி இரைக்கிறது?

வணக்கம் மக்களே. ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே நின்று பேசுகிறேன். பின்னால் விளக்குக் கம்பத்தை ரொம்ப நேரமாக விசாரித்துக்கொண்டிருப்பவள் முறுக்கு. வாலைப் பார்த்தால் பெயர்க் காரணம் தெரிந்துவிடும். சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது இந்த ஊர் நாட்டு நாய். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இவ்வளவு பெரிய நாயை வைத்திருக்க முடிவது, நாட்டு நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்கிற அடோர் திட்டத்தால்தான். தோள் உயரம் 55 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அதன் விதி.

இன்றைக்கு வெக்கையைப் பற்றிப் பேசலாம். எங்கள் மேல்மாடி அங்கிள் ஒரு பக் நாய் வளர்க்கிறார். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான். "நான் ராத்திரிலதானேம்மா கூட்டிட்டுப் போறேன், அப்புறம் ஏன் இவன் இப்படி இரைக்கிறான்?" நியாயமான கேள்வி. நாம் எல்லாருமே வெயிலைப் பார்த்துத்தான் நேரம் குறிக்கிறோம். இந்த ஊரில் பார்க்க வேண்டியது வெயிலை மட்டுமில்லை, காற்றில் இருக்கிற ஈரத்தையும் தரையில் இருக்கிற சூட்டையும்.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு வேர்ப்பது பாதங்களில்தான், அதுவும் கொஞ்சம். உடம்புச் சூட்டை இறக்க அதற்கு இருக்கிற பெரிய வழி மூச்சிரைப்பு. நாக்கிலும் வாயிலும் மூச்சுப் பாதையிலும் இருக்கிற ஈரம் ஆவியாகும்போது சூடும் சேர்ந்து வெளியே போகும். சரி, வெளிக்காற்றே ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால்? அடைமழை நாளில் கொடியில் போட்ட துணி கதைதான், காயவே காயாது. நாய் இன்னும் வேகமாக இரைக்கும். இரைப்பதும் உடம்புக்கு ஒரு வேலை என்பதால் அதிலேயே கொஞ்சம் சூடு கூடும்.

சிங்கப்பூரில் விடிவதற்கு முன்னால் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழை இல்லாத பிற்பகலில் 60 விழுக்காடு வரை இறங்கும், ஆனால் அப்போது வெப்பம் 31, 32 டிகிரி. ஒன்று சரியாக இருந்தால் இன்னொன்று இடிக்கும். என் ஓட்டு காலை ஆறரைக்கு. இங்கே விடியவே ஏழு மணி ஆகிவிடும். தரை ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்கும், வெப்பமும் பெரும்பாலும் 25 பக்கம்தான். ஈரம் அதிகம்தான், ஆனால் மற்ற இரண்டும் நம் பக்கம்.

வேலை முடிந்து வந்து ஏழு, ஏழரைக்குக் கூட்டிப்போவதுதான் பலருக்கும் முடிகிறது. சூரியன் அப்போதுதான் இறங்கியிருக்கும், ஆனால் தாரும் சிமெண்டும் பகலெல்லாம் குடித்த சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நாம் நின்று பேசுகிற உயரத்தில் அது தெரியாது, முழங்கால் உயரத்தில் நடக்கிற ஜீவனுக்கு நேராக வயிற்றில் அடிக்கும். ஒன்பது மணிக்குத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். எல்லாவற்றையும்விட மோசமான நேரம் எது தெரியுமா? பிற்பகல் மழை விட்டதும் சுள்ளென்று மறுபடி வெயில் அடிக்குமே, அந்த நேரம். மழை பெய்திருக்கிறதே, குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துக் கிளம்புவோம். ரோட்டில் ஆவி பறக்கும்.

அங்கிளின் பக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பக், ஷிட்சூ, பிரெஞ்சு புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகலானது. மூச்சிரைத்துத்தான் சூடு இறங்க வேண்டும், அந்தப் பாதையே பாதி அடைபட்டிருந்தால் எப்படி இறங்கும்? குறட்டை விடுவதைப் பார்த்து "க்யூட்டா இருக்கு" என்று சிரிக்கிறோம், அது பல நாய்களுக்கு மூச்சுத் திணறலின் சத்தம். இதோடு எடையும் கூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கிளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு மார்பில் மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள். அப்புறம், தட்டில் மிஞ்சுகிற பரோட்டாத் துண்டை நிறுத்துங்கள். முதலாவதை உடனே செய்துவிட்டார்.

பொமரேனியன், ஹஸ்கி வைத்திருப்பவர்கள் வெக்கைக்கு மொட்டை அடித்துவிடுவதைப் பார்க்கிறேன். வேண்டாம். அந்த இரட்டை ரோமம் வெளிச் சூட்டையும் தடுக்கிறது. உதிர்கிற உள்முடியை நன்றாக வாரி எடுத்தாலே காற்று புகும்.

இப்போது தரை. கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன், பாருங்கள், இது முறுக்கின் முன்னங்கால். பாதத்து மெத்தை தடிமனாக, சொரசொரவென்று இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் செருப்புப் போட்ட மாதிரி என்று ஏமாந்துபோகிறோம். இதுவும் தோல்தான், கொப்புளம் வரும், உரிந்தும் போகும். நடக்கப்போகிற தரையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயால் நடக்க முடியாது. வெயிலில் கிடக்கிற இரும்புச் சாக்கடை மூடி, விளையாட்டுத் திடலின் ரப்பர் தரை, செயற்கைப் புல், இந்த மூன்றும் சிமெண்டைவிட மோசமாகச் சுடும். புல்வெளி ஓரமாகவோ மர நிழல் இருக்கிற பூங்கா இணைப்புப் பாதையிலோ போங்கள்.

தூரத்தைக் குறைத்தால் நாய் வீட்டில் சேட்டை செய்யுமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அந்த விளக்குக் கம்பம். நாய்க்கு உலகமே மூக்கு வழியாகத்தான். நேற்று இந்தப் பக்கம் யார் வந்தார்கள், பூனையா நாயா என்று ஒவ்வொன்றாக முகர்ந்து தெரிந்துகொள்வது மூளைக்கு நல்ல வேலை. விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு மூன்று புளோக் சுற்றுவதைவிட, ஒரே புளோக்கை அதன் இஷ்டத்துக்கு முகர விட்டால் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுக்கும். கயிறு மட்டும் கையில் இருக்கட்டும். பொது இடத்தில் கயிறில்லாமல் விடுவது சட்டப்படியே தப்பு.

லிஃப்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீளக் கயிற்றோடு உள்ளே போகாதீர்கள். நாய் உள்ளே, நீங்கள் வெளியே, கதவு மூடுகிறது என்றால் மாட்டிக்கொள்வது அதன் கழுத்து. கயிற்றைச் சுருட்டிக் குட்டையாகப் பிடித்து, காலோடு ஒட்டி நிற்க வைத்து, சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குங்கள். உள்ளே யாராவது இருந்தால் நான் "நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று சொல்லிவிடுவேன். நாயைக் கண்டாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டியிருக்கும் என்று ஒதுங்குகிற மலாய் அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். காத்திருக்கிற நேரத்தில் நாயும் இரைப்பு அடங்கி அமைதியாகும்.

வீட்டு வாசலிலேயே நான் செய்கிற வேலை, உண்ணி பார்ப்பது. குளிர்காலம் இல்லாத ஊர், வருடம் முழுக்க உண்ணிக்குக் கொண்டாட்டம். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்குக் கீழே, அக்குள், கால் விரல் இடுக்கு. கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவ வேண்டும். ரோமத்துக்குள் கடுகு மாதிரி தட்டுப்பட்டால் அது ரத்தம் குடிக்காத உண்ணி. குடித்து உப்பியது சாம்பல் நிறத்தில் பட்டாணி அளவுக்கு இருக்கும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக, நிதானமாக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது, தேங்காய் எண்ணெய் விடுவது எல்லாம் பாட்டி காலத்து வைத்தியம், வேண்டாம். உண்ணிக்கு மூச்சு முட்டுகிறதோ இல்லையோ, அது கடித்த இடத்தில் இன்னும் எச்சிலைக் கக்கும்.

அந்த எச்சிலில்தான் எர்லிக்கியா, பபேசியா கிருமிகள் வருகின்றன. நாய் சுருண்டு படுத்துக்கொள்ளும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஈறு வெளிறும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். வெக்கையில் சோர்ந்திருக்கிறது என்று நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வோம். நல்ல நாளிலேயே உதட்டைத் தூக்கி ஈறு எந்த நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மாறினால் அப்போதுதான் தெரியும். நாய்க்கு வருகிற பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே சுவர் வெடிப்பில் முட்டையிடும், ஒன்றே ஆயிரக்கணக்கில். அதனால் நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் போதாது, அது படுக்கிற மூலையையும் பாருங்கள். கொசுவால் வருகிற இதயப் புழுவுக்கும் சேர்த்துத் தடுப்பு மருந்து உண்டு. எது சரி என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

நம் வீடுகளில் அடுத்து வருவது "நாய்க்குச் சூடு பிடிச்சிருக்கு, மோர் கொடு" என்கிற யோசனை. வெறும் மோர் ரெண்டு வாய் குடித்தால் பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆகாது, சிலதுக்கு வயிறு போகும். ஆனால் நம் வீட்டு மோர் வெறும் மோரா? சின்ன வெங்காயம் தட்டிப் போட்டிருப்போம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசம் குளிர்ச்சி என்று கொடுத்தால் அதில் இருக்கிற உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்பு கொதிக்கிறதே என்று நம் காய்ச்சல் மாத்திரையான பனடாலை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஐயோ, வேண்டவே வேண்டாம். அது கல்லீரலைக் கெடுக்கும், வெக்கையால் ஏறிய சூட்டை இறக்கவும் செய்யாது. முதலில், அது கொதிப்பாகவே இல்லாமலிருக்கலாம். நாயின் இயல்பான வெப்பமே 38 முதல் 39 டிகிரி வரை. தொட்டால் நமக்குச் சுடத்தான் செய்யும். குளிர்ச்சிக்குத் தண்ணீர் போதும். பத்துக் கிலோ நாய் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், வெக்கையில் இன்னும் கூடும்.

நிஜமாகவே வெப்பத்தாக்கு வந்துவிட்டால் எப்படித் தெரியும்? நிழலில் உட்கார்ந்த பிறகும் இரைப்பு அடங்காது. எச்சில் கெட்டியாக நூல் நூலாகத் தொங்கும். ஈறு செக்கச்செவேல் என்று ஆகும், தள்ளாடும், வாந்தி வரும். உடம்பு வெப்பம் 41 டிகிரியை எட்டினால் உயிருக்கே ஆபத்து.

அந்த நிலையில் உடனே காரைத் தேடி ஓடாதீர்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் பயணம். வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் குழாய் இருந்தால் அங்கேயே, இல்லாவிட்டால் கையில் இருக்கிற போத்தல் தண்ணீரை வயிறு, அக்குள், தொடை இடுக்கு என்று ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக்கூடாது, அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். எழுந்து நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பவும் கூடாது. உள்ளுறுப்புகளுக்கு வந்த பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய் ஏற முடியாது. சாதாரண டாக்சிக்காரர் மறுக்கலாம். அதனால் கிராப்பெட் மாதிரி செல்லப்பிராணி ஏற்றுகிற வண்டியையும், உங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கிற விலங்கு மருத்துவமனையின் எண்ணையும் இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள். கிளம்பும்போதே போன் செய்து, "வெப்பத்தாக்கு, இந்த இனம், இத்தனை கிலோ" என்று சொல்லிவிட்டால் அவர்கள் தயாராக இருப்பார்கள். வண்டியில் ஏர்கானை முழுசாக வைக்கச் சொல்லுங்கள், ரோமம் ஈரமாகவே இருக்கட்டும்.

அடுத்த வீடியோவில் இடி, அப்புறம் தேசிய தின வாணவேடிக்கை. சத்தத்துக்குக் கட்டிலடியில் புகுந்துகொள்கிற நாயை என்ன செய்யலாம் என்று பேசுகிறேன். முறுக்கு, வா, போகலாம்.