தாத்தாவுக்காக எழுதிய நான்கு தாள்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, சற்று முன் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"தாத்தாவுக்கு இரங்கலுரை ஆற்றும்போது நெஞ்சில் தோன்றியதைப் பேசுவது சிறப்பா, எழுதி வைத்துப் படிப்பது சிறப்பா?" என்பது இன்றைய தலைப்பு. எழுதி வைத்துப் படிப்பதே சிறப்பு என்ற அணியில் நான் நிற்கிறேன். எதிரணித் தலைவர், "அழுகைக்கு ஒத்திகை உண்டா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் அவர் தம் இடது உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டதை முன்வரிசையில் இருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். என்னிடம் அந்த ஒளிவுமறைவு இல்லை. என் தாளை மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படியே வைத்திருக்கிறேன்.

நடுவர் அவர்களே, நானும் ஒரு காலத்தில் எதிரணிக்காரன்தான். என் அம்மா வழித் தாத்தாவின் கருமாதியன்று, வாசலில் பந்தல் போட்டு, மாலை போட்ட படத்தைத் திறந்து வைத்து, ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் பேசி முடித்த பிறகு, "பேரன் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்கள். கல்லூரியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்ற தைரியத்தில், ஒரு வரிகூட எழுதாமல் எழுந்து நின்றேன். என் வாயில் வந்த முதல் வாக்கியம், "எங்கள் தாத்தா ஒரு ஆலமரம்" என்பது. அடுத்தது விழுது. அதற்கடுத்தது நிழல். தாத்தா வாழ்ந்த வீட்டில் ஆலமரமும் இல்லை, அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதும் இல்லை. அது நான் அதுவரை கேட்ட பத்துப் பதினைந்து இரங்கல் கூட்டங்களின் மிச்சம். நெஞ்சில் தோன்றுவதாக நாம் நினைப்பது பல நேரங்களில் நாக்கில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மரம் முடிந்ததும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. தாத்தா எனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார், எனக்கு வேலை கிடைத்தபோது ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தார் என்று எட்டு நிமிடம் பேசினேன். எண்ணிப் பார்த்தால் அது என்னைப் பற்றிய உரை. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள் என்பதும் உண்மை. பந்தலில் நின்று பேரன் குரல் தழுதழுத்தால் யாருக்கும் கண் கலங்கும். அன்று மாலை, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மாச்சி என்னை அருகே கூப்பிட்டு, "நல்லாத்தான் பேசுன. உங்க தாத்தாவுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளே, அவளக் காணுமே?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அவரோடு குடும்பம் நடத்தியவரை, அவருக்கு முன்னால் நின்றுகொண்டே, ஒரு சொல்லில்கூடக் குறிப்பிடாமல் விட்டிருக்கிறேன். வேண்டுமென்று விட்டதில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். எதிரணி நண்பர்கள் எதன்மேல் நின்று வாதாடுகிறார்களோ அந்தத் 'தோன்றுதல்' அன்றைக்கு எனக்குச் செய்த உதவி அது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, "ஒப்பாரியை எழுதி வைத்தா பாடினார்கள்?" என்று கேட்டார். இல்லைதான். ஆனால் ஒப்பாரி அந்த நிமிடத்தில் முளைத்த பாட்டும் இல்லை. அதற்கு மெட்டு உண்டு, அடுக்கு உண்டு, தாய்க்கு ஒரு முறையும் கணவனுக்கு வேறொரு முறையும் உண்டு. பாட்டிமார் பாடக் கேட்டுக் கேட்டு, மனத்தில் படியவைத்துக்கொண்ட பாட்டு அது. எங்கள் ஊரில் ஒப்பாரிக்குப் பேர் போன ஒரு கிழவி, இழவு வீட்டுக்குள் நுழைந்ததும் பாடத் தொடங்க மாட்டார். "மூத்தவன் வந்துட்டானா, கடைசிப் பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சா, எந்தக் கையில காப்பு போட்டிருந்தாரு?" என்று விசாரித்த பிறகுதான் வாயைத் திறப்பார். எழுத்தறியாத அந்தக் கிழவி செய்தது எங்கள் கட்சிக்காரர் செய்யும் வேலை.

சங்கப் புலவர்கள் இதற்குக் கையறுநிலை என்றே ஒரு துறை வகுத்திருந்தார்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "சிறியகள் பெறினே எமக்கீயும் மன்னே" என்று தொடங்குகிறது. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். புலால் நாறும் என் தலையை, நரந்தம் மணக்கும் தன் கையால் தடவிக் கொடுப்பான். ஒரு குறுநில மன்னனைப் பற்றிய இரங்கற்பாவில் அவன் போர்களுக்கு முன்னால் வந்து நிற்பது கொஞ்சம் கள். வரிக்கு வரி 'மன்னே' என்று வரும் அந்தச் சொல்லுக்கு 'அது கழிந்து போயிற்றே' என்பது பொருள். ஔவை அதை ஓலையில் எழுதினாரா என்று வழக்காட நான் வரவில்லை. யாப்பில் அமைத்து, எதை முதலில் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்று தேர்ந்து கட்டிய பாட்டு அது என்பதில் ஐயமில்லை. யாழ்ப்பாணத்தில் இன்றும் 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டி என்ற சடங்கின்போது, இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையும் இரங்கற்பாக்களையும் அச்சிட்டுக் 'கல்வெட்டு' என்ற பெயரில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பெயரைக் கவனியுங்கள், அதைப் பேச்சு என்று யாரும் சொல்லவில்லை.

நேருவை விட்டுவிட்டேன் என்று எதிரணி நினைக்க வேண்டாம். 1948 ஜனவரி 30 இரவு, காந்தி சுடப்பட்ட சில மணி நேரத்தில், கையில் குறிப்பு இல்லாமல் வானொலியில் பேசினார். நம் வாழ்விலிருந்து ஒளி மறைந்துவிட்டது என்றார். உடனேயே, அப்படிச் சொன்னது தவறு, அது சாதாரண ஒளி அன்று என்று தம்மைத் தாமே திருத்திக்கொண்டார். ஒப்புக்கொள்கிறேன், மகத்தான உரை. ஆனால் அவர் யார்? 1936இல் வெளிவந்த தம் சுயசரிதையில் காந்தியோடு உடன்பட்டதையும் முரண்பட்டதையும் சிறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தவர். அந்த இரவில் அவர் கையில் காகிதம் இல்லாமல் போயிருக்கலாம், அவருக்குப் பின்னால் இருந்தது அத்தனையும் காகிதம். தாத்தாவைப் பற்றி வாழ்நாளில் ஒரு கடிதம்கூட எழுதாத பேரன் நேருவைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இனி நான் எழுதிப் படித்த கதைக்கு வருகிறேன். என் அப்பா வழித் தாத்தா ரயில்வேயில் கேட்கீப்பர். மாயவரம் பக்கத்தில் ஒரு லெவல் கிராஸிங்கில் இருபத்தொன்பது ஆண்டுகள் கேட்டைத் திறந்து மூடினார். அவர் போன மறுநாளே ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரி: "எங்கள் தாத்தா ரயில்வேயில் சேர்ந்த ஆண்டு". அதற்கு மேல் பேனா நகரவில்லை. எனக்கு ஆண்டு தெரியாது. பேச்சாக இருந்திருந்தால் "அந்தக் காலத்திலேயே ரயில்வேயில் சேர்ந்து" என்று தாண்டிப் போயிருப்பேன், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தாளில் இருந்த அந்த வெற்றிடம் என்னை எழுப்பி அப்பாயியிடம் அனுப்பியது. அப்பாயி டிரங்குப் பெட்டியைத் திறந்து சர்வீஸ் சான்றிதழை எடுத்தார். அதில்தான் தெரிந்தது, தாத்தா முதலில் தண்டவாளத்தில் கேங்மேனாக இருந்து, முட்டியில் அடிபட்ட பிறகே கேட்டுக்கு வந்தவர். அவர் காலைச் சற்றுச் சாய்த்து நடப்பதை முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு, சித்தப்பா பிறந்த ஆண்டைக் கேட்டேன். அப்பாயி ஆண்டைச் சொல்லாமல் அந்த இரவைச் சொன்னார். வண்டி வரும் முன் கேட்டை மூடிவிட்டதற்கு உறுதியாக, ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்கீப்பரும் தொலைபேசியில் 'பிரைவேட் நம்பர்' என்ற எண்ணைப் பரிமாறி, அதை நேரத்தோடு பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மூடிவிட்டேன் என்று வாயால் சொன்னால் மட்டும் ரயில்வே ஏற்காது. ஆகவே ஆள் இல்லாமல் கேட்டை விட்டு நகர வழியில்லை. அன்று இரவு மாற்று ஆள் வரவில்லை. அப்பாயிக்கு வலி எடுத்துவிட்டது என்ற செய்தி ஒன்பது மணிக்கே தாத்தாவுக்கு வந்துவிட்டது. பிள்ளை பிறந்த செய்தி விடியற்காலையில்தான் வந்தது. இடையில் நான்கு வண்டிகள் போயின. "பால்காரர் சைக்கிளைக் கேட்டில் நிறுத்தி, ஆம்பளப் புள்ள என்று சொல்லித்தான் தாத்தாவுக்குத் தெரிந்தது" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதுவது என்றால் தனியாக அறைக்குள் உட்கார்ந்து சொல்லடுக்குவது என்று எதிரணி நினைக்கிறது. எனக்கு அந்தப் பதினைந்து நாளும் எழுதுவது என்பது வீடு வீடாகப் போய்க் கேட்பதாக இருந்தது.

அடுத்து, தாத்தாவின் கோபம். முதல் படியில் "கோபமே அறியாதவர்" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. கேட்டை மூடிவிட்டால் எவருடைய காருக்கும் திறக்காத அந்தப் பிடிவாதம் வீட்டிலும் அப்படியே இருந்தது. மூத்த அத்தை தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டபோது தாத்தா பதினோரு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. (அத்தையிடம் அனுமதி வாங்கித்தான் இங்கே சொல்கிறேன்.) ஒரு பொங்கலன்று, யாரும் அழைக்காமல், கரும்புக் கட்டோடு அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கி, கடைசியில் "பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு தாத்தா அத்தையை மன்னித்தார்" என்று எழுதி, தாளை அத்தையிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு, "மன்னிக்கிறதுக்கு நான் என்னடா தப்பு செஞ்சேன்? தாத்தா வந்தார்னு மட்டும் எழுது" என்றார்.

நடுவர் அவர்களே, ஒரு சொல். பந்தலில் நின்று நெஞ்சில் தோன்றியபடி நான் "மன்னித்தார்" என்று சொல்லியிருந்தால், அத்தை அதைச் சபை நடுவே கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பார். சொல்லாமலே விட்டிருந்தால் அந்தப் பதினோரு ஆண்டுகள் நடக்காதவை போல ஆகியிருக்கும். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். தாளில் இருந்ததால் அந்தச் சொல்லை அடிக்க முடிந்தது. பெரியப்பாவும் அன்று பேசினார், எழுதாமல். மருத்துவமனைக்கு யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கணக்கு எப்படியோ பேச்சுக்குள் நுழைந்துவிட்டது. சித்தப்பா எழுந்து வெளியே போனார். அதற்கு மேல் அதை விரிக்க எனக்கு விருப்பமில்லை.

தாளைப் பார்த்துப் படித்தால் அவையின் கண்ணைப் பார்த்துப் பேச முடியாது என்றும் சொன்னார்கள். கருமாதிப் பந்தலில் எவரும் பேசுகிறவரின் கண்ணைப் பார்ப்பதில்லை. எல்லோரும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாளிலும் தயாரிப்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். எழுத்தைப் பெரிதாக எழுதினேன். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினேன். காற்றில் கலைந்துவிடாதபடி எண் போட்டேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று மூன்று முறை உரக்கப் படித்துப் பார்த்தேன். மூன்று முறையும் அத்தையின் வரியில் குரல் நின்றது. அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மொத்தம் நான்கு தாள்கள், ஆறு நிமிடம். ஒரு ஜெராக்ஸ் எடுத்து அத்தை மகனிடம் கொடுத்து வைத்தேன்.

அன்றைக்குச் சிவப்புக் கோட்டுக்கு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. எவ்வளவு முயன்றும் தொண்டை திறக்கவில்லை. முதலில் ஒலிவாங்கியில் என் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. எழுதாமல் பேசுகிறவன் அந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவான். மிச்சம் அவனுக்குள்ளேயே போய்விடும். பின்வரிசையில் இருந்த அத்தை மகன் எழுந்து, பந்தலின் நடுவே நடந்து வந்து, என் பக்கத்தில் நின்று, தன் கையில் இருந்த தாளிலிருந்து "ஒரு பொங்கலன்று தாத்தா வந்தார்" என்று படித்தான். எந்த வீட்டு வாசலுக்குத் தாத்தா பதினோரு ஆண்டுகள் வரவில்லையோ அந்த வீட்டில் பிறந்த பிள்ளை அவன். கடைசி வரிவரை அவன்தான் படித்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பாயி அந்த நான்கு தாள்களையும் கேட்டு வாங்கி, டிரங்குப் பெட்டியில் சர்வீஸ் சான்றிதழோடு வைத்துக்கொண்டார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து தாள்களை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். போன மாதம் சித்தப்பா பிறந்த இரவைப் படித்துக்கொண்டிருந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். பால்காரர் சைக்கிளில் வரவில்லையாம், அன்று டயர் பஞ்சராகி நடந்துதான் வந்தாராம். அடுப்படியில் கணக்கு எழுதும் பென்சிலை எடுத்து வந்து, 'சைக்கிளை நிறுத்தி' என்பதை அடித்து, 'நடந்து வந்து' என்று திருத்தினேன். அதையும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டினார்.

தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விட்டு அமர்கிறேன். வணக்கம்.