எட்டுப் பிள்ளைகளும் ஒரு தாலரும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஜெர்மன் சிற்றரசுகளின் வெள்ளிக் காசு என்றாலே, சேகரிப்பவர்கள் முதலில் பேசுவது சாக்சனி அரசின் 1917ஆம் ஆண்டு மூன்று மார்க் காசைப் பற்றித்தான். மார்க் என்பது அன்றைய ஜெர்மன் நாணயம். சமயச் சீர்திருத்தத்தின் 400ஆம் ஆண்டு நினைவாக, மார்ட்டின் லூதருக்குப் பாதுகாப்பளித்த சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக்கின் உருவத்தோடு வந்தது. போர்க்காலம், வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அடித்தது 100 காசுதான். போலிகள் நிறைய உலவுகின்றன. அதன் பின்னால் ஓட வேண்டாம் என்பது என் கருத்து.

தாலர் என்பது மார்க்குக்கு முந்தைய பெரிய வெள்ளிக் காசு. அதில் ஃபெரைன்ஸ்தாலர், அதாவது பல அரசுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட தாலர், ஒன்றை வாங்கிப் பாருங்கள். 1857இல் வியன்னாவில் செய்த உடன்படிக்கைப்படி, எந்த மன்னர் அடித்தாலும் ஒரே எடை, கலப்பு உலோகத்தோடு சேர்த்து 18.52 கிராம். அரை கிலோ (அன்றைய ஒரு பவுண்டு) சுத்த வெள்ளிக்கு முப்பது தாலர். 'ஒரு பவுண்டு சுத்தம், முப்பது' என்று அந்தக் கணக்கைக் காசிலேயே பொறித்திருப்பார்கள். கள்ளக் காசு பெரும்பாலும் தராசிலேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம், கறுத்திருக்கிறதே என்று புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். விலையும் போகும், முகத்தின் நுணுக்கமும் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தவை, தெற்கு ஜெர்மனியில் இருந்த பவேரியாவின் மன்னர் முதலாம் லுட்விக் வெளியிட்ட வரலாற்றுத் தாலர்கள். நாட்டில் நடந்ததையெல்லாம் காசில் பதிய வேண்டும் என்று அவருக்கு அப்படியொரு ஆசை. 1835இல் நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு முதல் ரயில் ஓடியது; அதற்கும் ஒரு தாலர் உண்டு. அச்சு வெட்டியவர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஃபோய்ட்.

1828ஆம் ஆண்டுத் தாலரைக் கையில் எடுத்தால் எளிதில் கீழே வைக்க மனம் வராது. எடை சுமார் 28 கிராம். ஒரு பக்கம் மன்னர்; மறுபக்கம் நடுவில் அரசி தெரேசா, அவரைச் சுற்றி எட்டுப் பிள்ளைகளின் முகங்கள். பொறித்த வாசகம், 'வானத்தின் ஆசி'. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி முகவெட்டு இருப்பது தெரியும். அதில் ஓட்டோ என்ற பையன் 1832இல் கிரேக்க நாட்டுக்கு மன்னரானார். அதற்கும் அப்பா ஒரு தாலர் அடித்தார்!

அதே வட்டத்தில் இருக்கும் லூயிட்போல்டுக்கு அப்போது ஏழு வயது. பின்னாளில் மன்னருக்குப் பதிலாகப் பவேரியாவை ஆண்ட பிரதிநிதி அவர். அவருடைய 90ஆம் பிறந்தநாளுக்கு 1911இல் வெளிவந்த மூன்று மார்க்கில் அடர்ந்த தாடியோடு இருப்பார். அது அரிய காசு இல்லை, இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 1828 தாலரையும் இந்த மூன்று மார்க்கையும் சேர்த்து வாங்குங்கள்.